வெள்ளைவால் மானுக்கு ட்ரெயில் கேமரா: வயல் ஓரமா, இடுக்கா, ஸ்க்ரேப்பா, புதர் விளிம்பா?

அமெரிக்காவில் வேட்டை உரிமம் எடுத்து ஒன்றிரண்டு பருவம் காட்டுக்குள் போய்வந்த நம்மவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: “ஒரு கேமரா இருக்கிறது, மிஞ்சினால் இன்னொன்று வாங்குவேன். எங்கே கட்டுவது?” ட்ரெயில் கேமரா என்பது மரத்தில் கட்டிவைத்தால், விலங்கு முன்னால் வரும்போது தானே படம் எடுக்கும் கேமரா. எந்த மாடல் வாங்குவது என்று வாரக்கணக்கில் அலசுகிறவர்கள்கூட, கட்டும் இடம் என்று வரும்போது தோதாகத் தெரியும் முதல் மரத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். படம் நிறைய விழும். நவம்பரில் எந்தப் பரணில் ஏறுவது என்று அந்தப் படங்களைக் கேட்டால் பதில் வராது.

இங்கே நான் எடுத்துக்கொள்ளும் களம் பென்சில்வேனியா. வடக்கே மலைமுகடும் ஓக் காடுமாகக் கிடக்கும் பெருங்காடு, தெற்கிலும் மேற்கிலும் மக்காச்சோளம், சோயா வயல்களுக்கு நடுவே துண்டு துண்டாகத் தோப்புகள். இரண்டு வகை நிலமும் இருப்பதால் நியூயார்க், ஒஹாயோ, மேற்கு வர்ஜீனியா பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். டெக்ஸஸ் கதை வேறு. அங்கே நிலமெல்லாம் அநேகமாகத் தனியாருடையது, சோளம் கொட்டி மானை வரவழைக்கச் சட்டம் இடம் தருகிறது. எனவே தீனிப் பெட்டிக்கு எதிரில் கேமராவைக் கட்டிவிட்டுப் போய்விடலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், நீங்கள் கேமராவிடம் என்ன கேட்கிறீர்கள் என்பது. “இந்த நிலத்தில் என்னென்ன மான் இருக்கிறது?” என்பது ஒரு கேள்வி. “எந்த மரத்தில், எந்த நேரத்தில் உட்கார்ந்தால் மான் வரும்?” என்பது வேறு கேள்வி. பென்சில்வேனியாவில் மான் வேட்டை நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கி, அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு முடிகிறது. நடுராத்திரி இரண்டு மணிக்கு விழுந்த பெரிய கொம்பின் படம் முதல் கேள்விக்கு நல்ல பதில். இரண்டாவதற்கு அது அநேகமாக ஒன்றுமில்லை.

கேள்வி மாறினால் இடமும் மாறும் என்பதற்கு நம் ஊர் உதாரணமே உண்டு. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் புலிக் கணக்கெடுப்பில் கேமராக்களை ஜோடியாக, பாதையின் இரு பக்கமும் எதிரெதிரே வைக்கிறார்கள். புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாக இருக்காது என்பதால் இரண்டு பக்கமும் படம் வேண்டும். வெள்ளைவால் மானுக்கு வரி கிடையாது. ஆணைக் கொம்பை வைத்து அடையாளம் வைத்துக்கொள்ளலாம், குளிர்காலத்தில் கொம்பு உதிரும்வரை. பெண் மான்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவது பெரும்பாலும் நடக்காத காரியம். (இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை குற்றம். இங்கே சொல்வதை ஊரில் போய்ச் செய்து பார்க்க வேண்டாம்.)

இரண்டாவது, தொந்தரவு. கேமராவைக் கட்டவும் படம் பதிந்த மெமரி கார்டை எடுக்கவும் நீங்கள் நடந்து போகும் ஒவ்வொரு முறையும் உங்கள் வாடை அங்கே தங்குகிறது. என் கணக்கில் மற்ற எல்லா அளவுகோலையும்விட இது கனமானது. மூன்றாவது, பருவம். ஆகஸ்ட் கேமராவும் நவம்பர் கேமராவும் ஒரே மரத்தில் இருக்க வேண்டியதில்லை. நான்காவது, பெட்டியில் எழுதியிராத செலவு: பேட்டரி, வெற்றுப் படம், திருட்டு, கரடி. ஐந்தாவது, சட்டம். கீழே வரும் பட்டியலில் இடுக்கு என்பது நிலம் மானை நெருக்கும் குறுகலான வழி, ஸ்க்ரேப் என்பது ஆண் மான் மண்ணைப் பறண்டி வாடையை விட்டுப்போகும் இடம், புதர் விளிம்பு என்பது மான் பகலில் படுக்கும் அடர்புதரின் ஓரம்.

| இடம் | எதற்கு நல்ல பதில் | கைகொடுக்கும் காலம் | பகல் படம் | தொந்தரவு | மறைசெலவு |
|---|---|---|---|---|---|
| வயல் ஓரம் | எந்த ஆண் மான்கள் இருக்கின்றன | ஜூலை – செப்டம்பர் தொடக்கம் | கோடையில் உண்டு, பிறகு குறையும் | குறைவு | தூரம் எட்டாது, திருட்டு |
| ஓக் மரத்தடி | இப்போது எங்கே மேய்கின்றன | செப்டம்பர் கடைசி – அக்டோபர் | சுமாரிலிருந்து நன்று | நடுத்தரம் | அணில், வான்கோழிப் படங்கள் |
| இடுக்கு | எங்கே, எப்போது உட்காருவது | அக்டோபர் கடைசி – நவம்பர் | நன்று | நடுத்தரம் | படம் குறைவு, பொறுமை வேண்டும் |
| ஸ்க்ரேப் | எந்த ஆண் மான் சுற்றுகிறது | அக்டோபர் நடு – நவம்பர் முதல் வாரம் | குறைவு | நடுத்தரம் | திடீரென்று ஓய்ந்துவிடும் |
| புதர் விளிம்பு | பகலில் எது எங்கே படுக்கிறது | பருவம் முழுக்க | மிக நன்று | மிக அதிகம் | இடமே கெட்டுப்போகலாம் |

## வயல் ஓரம்

கோடையில் இதை அடிக்க வேறு இடமில்லை. ஜூலை, ஆகஸ்டில் ஆண் மான்கள் சிறு கூட்டமாகச் சேர்ந்து, வெல்வெட் என்னும் மென்தோல் போர்த்திய கொம்போடு சோயா வயலுக்கும் க்ளோவர் புல்லுக்கும் வெளிச்சம் இருக்கும்போதே வந்து மேயும். வயலின் மூலையிலோ, மான் தடம் வயலுக்குள் இறங்கும் இடத்திலோ கேமராவைக் கட்டினால் அந்த வட்டாரத்து ஆண்களின் முகஜாதகம் கிடைத்துவிடும். டிராக்டர் பாதையில் நடந்துபோய் கார்டை மாற்றலாம். விவசாய நிலத்து மான்களுக்கு ஆள் நடமாட்டம் பழகியிருக்கும்.

பிரச்சினை செப்டம்பரில் ஆரம்பிக்கிறது. வெல்வெட் உரிந்ததும் கூட்டம் கலையும். கோடை முழுக்க ஒரே வயலில் நின்ற ஆண் இலையுதிர் காலத்தில் வேறு பக்கம் போய்விடலாம். ஒன்றரை வயது ஆண்களில் பல, பிறந்த இடத்தை விட்டு மைல்கணக்கில் தள்ளிப் போய்க் குடியேறும். ஆகஸ்ட் படத்தைப் பார்த்து நவம்பர் கனவு காண்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். அங்கேயே தங்கும் மான்களும் வேட்டை தொடங்கியதும் வயலுக்கு இருட்டிய பிறகே வரும். இரவில் மானைப் படம் பிடிப்பது ஒன்றும் புதிய வித்தை இல்லை. பென்சில்வேனியாக்காரரான ஜார்ஜ் ஷைராஸ் எடுத்த இரவுநேர வனவிலங்குப் படங்கள் 1906-லேயே நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் வந்துவிட்டன. நமக்குக் கிடைக்காமல் இழுப்பது பகல் படம்தான்.

இன்னொரு மறைசெலவு தூரம். கேமராவின் உணரி வெப்ப வேறுபாடு நகர்வதைக் கண்டுபிடிக்கிறது. அறுபதிலிருந்து நூறு அடிக்கு மேல் நம்பக் கூடாது. வயலோ பல ஏக்கர். அதனால் இங்கே டைம்லாப்ஸ் வசதி உள்ள கேமரா பயன்படும். அதிகாலையும் அந்தியும் சில நிமிடத்துக்கு ஒரு படம் என்று வைத்துவிட்டால், உணரிக்கு எட்டாத மூலையில் மான் எந்த இடுக்கு வழியாக வெளியே வருகிறது என்று தெரியும். வயல் கேமரா தரும் தகவலிலேயே உபயோகமானது இதுதான் என்பேன். அடுத்த கேமராவை எங்கே கட்டுவது என்று அது காட்டிவிடும்.

ஆய்வாளர்கள் செய்வதுபோல் முறையாகக் கணக்கெடுக்க ஆசைப்படுகிறவர்களும் உண்டு. 100 ஏக்கருக்கு ஒரு கேமரா, சோளம் கொட்டிய இடத்தில் 10 முதல் 14 நாள் என்பது வழக்கமான ஏற்பாடு. பென்சில்வேனியாவில் அந்தச் சோளமே வில்லங்கம். பின்னால் வருகிறேன்.

## ஓக் மரத்தடி

வெள்ளை ஓக்கின் காய்களில் துவர்ப்பு குறைவு. செப்டம்பர் கடைசியில் அவை உதிர ஆரம்பித்தால் மான்கள் வயலை மறந்துவிடும். சிவப்பு ஓக் காய்கள் முற்ற இரண்டு வருஷம் ஆகும், துவர்ப்பும் அதிகம். அவற்றைக் கடைசியில்தான் தேடும். பெருங்காட்டில் வேட்டையாடுபவருக்கு வயல் என்பதே இல்லாததால், அவருக்கு இதுதான் தீனி கேமரா.

கஷ்டம் என்னவென்றால் எந்த மரம் காய்க்கும் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். ஆகஸ்டில் பைனாகுலரை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துத்தான் மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் அணில். கார்டு முழுக்க அணிலும் வான்கோழியும்தான் இருக்கும், பேட்டரி அதற்கே தீர்ந்துவிடும். உணர்திறனைக் குறைத்து வையுங்கள்.

## இடுக்கு

என்னைக் கேட்டால், ஒரே ஒரு கேமரா உள்ளவர் அக்டோபர் பாதிக்குமேல் கட்ட வேண்டிய இடம் இதுதான். படுக்கும் இடத்துக்கும் மேயும் இடத்துக்கும் நடுவே, நிலம் மானை ஒரு குறுகலான வழியில் நெருக்கும் இடம். மலைமுகட்டில் கணவாய்போல் தாழ்ந்த பகுதி, செங்குத்துச் சரிவின் நடுவே படிபோல் ஓடும் சமதளம், கரை தாழ்ந்து ஓடையைக் கடக்க வசதியான துறை, இரண்டு தோப்புகளை இணைக்கும் மரவரிசை, முள்வேலியில் கம்பி தொய்ந்த இடம் எல்லாம் இதில் சேரும். பென்சில்வேனியா அரசுக் காடுகளில் இன்னொன்றும் உண்டு. வெட்டிய காடு மறுபடி துளிர்க்கும்வரை மான் புகாமல் இருக்க எட்டடி உயரக் கம்பிவேலி போட்டிருப்பார்கள். அந்த வேலியோரமாக மான்கள் நடந்து நடந்து தடமே விழுந்திருக்கும். வேலியின் மூலை திரும்பும் இடத்தில் ஒரு கேமரா கட்டிப் பாருங்கள்.

இங்கே படம் குறைவாகத்தான் விழும். ஒரு வாரத்துக்குக் கையளவு படம் என்றால் புதியவர்கள் சோர்ந்துபோய் இடத்தை மாற்றிவிடுகிறார்கள். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். வயலில் விழும் நூறு இரவுப் படங்களைவிட இங்கே காலை எட்டரைக்கு விழுந்த மூன்று படம் மதிப்பானது. அது எந்தக் காற்றில் விழுந்தது என்றும் குறித்துவையுங்கள். காற்றின் திசையை அந்த நாளின் வானிலைப் பதிவில் பார்த்துக்கொள்ளலாம். மேற்குக் காற்றில் மட்டுமே மான் அந்தக் கணவாயைக் கடக்கிறது என்று தெரியவந்தால், கிழக்குக் காற்று நாளில் அந்தப் பரணில் ஏறிக் குளிரில் விறைக்க வேண்டியதில்லை.

நவம்பரில் இதன் மதிப்பு இன்னும் ஏறும். பென்சில்வேனியாவில் இணைசேர்தல் உச்சத்துக்கு வருவது நவம்பர் நடுவாக்கில். பகல் நேரம் சுருங்குவதுதான் அதைத் தீர்மானிக்கிறது, ஆகவே குளிர் முன்னப்பின்ன வந்தாலும் தேதி பெரிதாக மாறாது. அந்த நாட்களில் ஆண் மான் தீனியைக் கவனிப்பதில்லை. பெண் மான்கள் படுத்திருக்கும் புதர்களின் காற்றுக்கீழ்ப் பக்கமாக மோப்பம் பிடித்தபடி, ஒரு புதரிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டே இருக்கும், நடுப்பகலிலும்கூட. அந்த நடை எல்லாம் இடுக்குகள் வழியாகத்தான். முன்பின் பார்த்திராத வெளியூர் ஆண் உங்கள் கேமராவில் விழுவதும் இப்போதுதான்.

கட்டும் முறையில் கொஞ்சம் கவனம் வேண்டும். தடத்துக்கு நேர் குறுக்கே பார்க்கிற மாதிரி வைத்தால் வேகமாக நடக்கும் மானின் பின்பக்கம் மட்டும் விழும். தடத்தின் நீளத்திலேயே பார்த்தால் உணரி தாமதமாகத்தான் விழிக்கும், ஏனென்றால் குறுக்கே நகரும் வெப்பம்தான் அதற்கு எளிதில் தெரியும். இரண்டுக்கும் நடுவே, சுமார் 45 பாகைச் சாய்வில் வைப்பது நல்லது. ஒரு தூண்டலுக்கு மூன்று படம், அடுத்த தூண்டலுக்கு இடைவெளி மிகக் குறைவு என்று அமைத்துவிடுங்கள். பெண் மான் முதலில் ஓடும், துரத்தும் ஆண் சில விநாடி கழித்து வரும். இடைவெளி ஒரு நிமிடம் என்று வைத்தவருக்குப் பெண் மான் படம் மட்டும் மிஞ்சும்.

## ஸ்க்ரேப்

ஆண் மான் தாழ்ந்த கிளைக்கு அடியில் மண்ணைக் காலால் பறண்டி, அதில் மூத்திரம் பெய்து, மேலே உள்ள கிளையில் முகத்தைத் தேய்த்து வாடையை விட்டுப்போகும் இடம்தான் ஸ்க்ரேப். ஒரே ஸ்க்ரேப்புக்குப் பல ஆண்கள் வரும். பெண்களும் குட்டிகளும்கூட வந்து அந்தக் கிளையை முகர்ந்து போகும். சோளம் கொட்டாமல், சட்டச் சிக்கல் இல்லாமல், அந்த வட்டாரத்து ஆண்களைப் பதிவு செய்ய அக்டோபரில் இதைவிட எளிய இடம் கிடையாது. மான் இங்கே நின்று நிதானமாக வேலை பார்ப்பதால் வீடியோவும் நன்றாக வரும்.

ஆனால் வருகையில் பெரும்பகுதி இரவில்தான். வயலோர ஸ்க்ரேப் என்றால் கிட்டத்தட்ட எல்லாமே இரவு. காட்டுக்குள், படுக்கும் புதருக்குக் கிட்டே இருப்பவற்றில் பகல் வருகை கொஞ்சம் கூடும். இன்னொன்று, பெண் மான்கள் இணைக்குத் தயாரானதும் ஆண்கள் ஸ்க்ரேப்பை விட்டுவிடும். நவம்பர் இரண்டாம் வாரத்தில் கேமரா திடீரென்று வெறுமையானால் மான் போய்விட்டது என்று அர்த்தமில்லை, அது வேறு சோலியில் இருக்கிறது.

கொஞ்சம் உயரத்தில், ஏழெட்டடிக்கு மேலே கட்டிக் கீழ்நோக்கிச் சாய்த்தால் மானின் கண்மட்டத்திலிருந்து விலகியிருக்கும். அகச்சிவப்பு விளக்கில் 850 நானோமீட்டர் வகை மங்கலான சிவப்பாகக் கண்ணுக்குத் தெரியும். 940 வகை தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறைவு. ஸ்க்ரேப்புக்கு 940, வயலுக்கு 850 என்று பிரித்துக்கொள்வது பொருத்தம்.

## புதர் விளிம்பு

மவுன்டன் லாரல் என்னும் புதர்ச்செடி அடர்ந்த சரிவு, மரம் வெட்டிச் சில வருஷம் ஆன துளிர்க்காடு. மான் பகலெல்லாம் படுத்துக் கிடக்கும் இடங்கள் இவை. இவற்றின் விளிம்பில் கட்டினால் பகல் படம் நிச்சயம். பெரிய ஆண் வேட்டை நேரத்துக்குள் எழுந்து நகர்கிறதா என்று வேறெந்த இடமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

விலையும் அதற்கேற்றதுதான். மானின் படுக்கையறை வாசலுக்கே போய் உங்கள் வாடையை விட்டு வருகிறீர்கள். வயதான ஆண் ஒருமுறை மிரண்டால் படுக்குமிடத்தையே மாற்றிக்கொள்ளும். கோடையில் ஒரே தடவை போய்க் கட்டிவிட்டு, செல் கேமராவில் படத்தைத் தொலைபேசிக்கு வரவழைத்து, பருவம் முடியும்வரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்க முடிந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள். சொந்த நிலமும் பொறுமையும் உள்ளவர்களுக்கானது. பொது நிலத்தில் வாரக்கடைசி வேட்டைக்காரர் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

## உப்புக்கட்டியும் தண்ணீரும்

உப்பு, தாதுக்கட்டிக்கு மான் அதிகம் வருவது வசந்தத்திலும் கோடையிலும். பென்சில்வேனியாவில் தீனி, உப்பு, தாது எதை வைத்து மானை ஈர்த்தாலும் அந்த இடத்தில் வேட்டையாடக் கூடாது. அகற்றி 30 நாள் ஆகும்வரை அது இரையிட்ட இடமாகவே கருதப்படும். தென்கிழக்கு மாவட்டங்களில் அனுமதிச் சீட்டோடு ஒரு விதிவிலக்கு உண்டு. சிடபிள்யூடி என்னும் மான் நோய்க்கான கட்டுப்பாட்டு வட்டாரங்களில் மானுக்குத் தீனி போடுவதே தடை. கணக்கெடுப்புக்குத்தானே என்று சோளம் கொட்டுகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளவும். தண்ணீரைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பள்ளத்திலும் ஓடை ஓடும் ஊரில் மான் ஒரே இடத்துக்கு வரவேண்டிய அவசியம் இல்லை. கடும் வறட்சி தவிர மற்ற நேரம் விட்டுவிடலாம்.

## எங்கே கட்டினாலும் கூடவே வரும் செலவு

பேட்டரி முதலில். பல கேமராக்களுக்கு 8 முதல் 12 ஏஏ வேண்டும். ஆல்கலைன் குளிரில் சீக்கிரம் படுத்துவிடும். லித்தியம் விலை கூடினாலும் டிசம்பர்வரை தாங்கும். செல் கேமராவுக்கு மாதக் கட்டணம் தனி. வடக்கு மலைகளில் சிக்னல் பலவீனம், அதைத் தேடித் தேடியே பேட்டரி கரையும். ஆனாலும் கார்டு எடுக்கப் போகும் நடைகளை அது மிச்சப்படுத்துவதால், தொந்தரவு அதிகமான இடங்களுக்கு அந்தக் கட்டணம் தகும். வயல் ஓரத்துக்குத் தேவையில்லை.

முகப்பு வடக்கு பார்த்து இருக்கட்டும். கிழக்கோ மேற்கோ பார்த்தால் மான் நடமாடும் நேரத்தில்தான் வெயில் நேராக லென்ஸில் அடிக்கும். முன்னால் உள்ள பெரணியையும் சிறு கிளைகளையும் வெட்டாவிட்டால் காற்றடிக்கும்போதெல்லாம் வெற்றுப் படம். பொது நிலத்தில் மரத்தில் ஆணி, திருகு வேண்டாம், பட்டை போதும். அங்கே திருட்டுப் பயத்துக்கு ஆள் கைக்கு எட்டாத உயரம் உதவும், ஏறுகிறவர் பாதுகாப்பு வார் இல்லாமல் ஏறக் கூடாது. கரும்கரடிக்கு மட்டும் எந்த உயரமும் பத்தாது. அது கேமராவைக் கடித்துப் பார்க்காமல் விடாது, இரும்புக்கூடு போட்டால்தான் உண்டு.

மாநிலம் தாண்டி வேட்டைக்குப் போகிறவர்கள் விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். அரிசோனாவில் 2022 ஜனவரியிலிருந்து வேட்டைக்கு ட்ரெயில் கேமரா கூடாது. வறண்ட நிலத்துத் தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றிக் கேமராக்கள் குவிந்தது அங்கே பெரிய சர்ச்சை. யூட்டாவும் நெவாடாவும் பருவத்தை ஒட்டிய மாதங்களில் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. கான்சஸ் தன் வனவிலங்குத் துறைப் பொது நிலங்களில் 2023-இல் தடை கொண்டுவந்தது. சாதனைக் கொம்புகளைப் பதிவுசெய்யும் பூன் அண்ட் க்ராக்கெட் கிளப், நேரலைப் படத்தின் துணையோடு வீழ்த்திய மானை ஏற்பதில்லை.

## சரி, யாருக்கு எது

விவசாயி ஒருவர் அனுமதி கொடுத்த நிலமும் ஒரே கேமராவும் இருந்தால்: ஆகஸ்டில் வயல் மூலை, அக்டோபர் நடுவாக்கில் அதைக் கழற்றி, வயல் படங்களில் மான் வெளிப்பட்ட வழியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் இடுக்கில். பெருங்காட்டில் பொது நிலமென்றால் வயலே இல்லை. ஓக் மரத்தடியில் ஆரம்பித்துக் கணவாய்க்கு மாறலாம், அல்லது நேராகக் கணவாய்க்கே போகலாம். இரண்டு கேமரா இருந்தால் ஒன்று இடுக்கில் நிரந்தரம், மற்றது அக்டோபரில் ஸ்க்ரேப்புக்கு. வாரம் ஒருமுறை கார்டைப் பார்க்காமல் இருப்புக்கொள்ளாது என்கிற ஆளாக இருந்தால் வயல் ஓரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; உங்கள் ஆர்வத்துக்கு இடுக்கும் புதரும் பலியாக வேண்டாம். எடுக்கப் போவதானால் நடுப்பகலில், முடிந்தால் மழைக்குச் சற்று முன், ரப்பர் பூட்ஸோடு போங்கள்.

இன்னும் ஒன்று. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும், வேட்டையின் முக்கியமான வாரத்தில். உங்கள் கேமரா பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். அதில் காலை 7 மணி என்று பதிந்த மான் உண்மையில் 6 மணிக்கு, வேட்டை நேரம் தொடங்கும் முன்பே கடந்து போயிருக்கும். நேரங்களைப் பட்டியல் போடும்போது அந்த ஒரு மணியைக் கழித்துக்கொள்ளுங்கள். அதைத் திருத்துவதற்காக மட்டும் அந்த வாரத்தில் இடுக்குக்குள் நடந்து போகாதீர்கள்.